கர்ணன் படத்தை 2 மணி நேரமாகச் சுருக்கினேன், முன்னைவிட நீளமாகத் தெரிகிறது. ஏன்?

கத்தரிக்காரன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பையன்கள் இரண்டு பேர், ஒருவனுக்கு 11 வயது, பெரியவனுக்கு 13. போன மே விடுமுறைக்கு வந்திருந்தபோது பெருமையாக ‘கர்ணன்’ போட்டுக் காட்டினேன் (1964-இல் பந்துலு எடுத்தது, சிவாஜி நடித்தது. 2021-இல் வந்த தனுஷ் படம் இல்லை, அதை நினைத்துக்கொண்டு பதில் போட வேண்டாம்). பரசுராமர் கர்ணன் மடியில் தலைவைத்துத் தூங்க, வண்டு துளைத்துத் தொடையில் ரத்தம் வழிகிற இடம் வரைக்கும் இருவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் காதல், கல்யாணம், சீமந்தம் என்று போக ஆரம்பித்ததும் சின்னவன் நெளிந்தான், பெரியவன் போனை எடுத்துக்கொண்டான். குருட்சேத்திரம் வருவதற்குள் இரண்டும் தூங்கிவிட்டன. கடைசிக் காட்சியை நான் தனியாக உட்கார்ந்து பார்த்து வழக்கம்போல அழுதேன்.

சரி, இந்த மே மாதத்துக்கு அவர்களுக்காகவே ஒரு சுருக்கிய பதிப்பு செய்யலாம் என்று இறங்கினேன். வீட்டில் பார்க்க மட்டும்தான், எங்கேயும் ஏற்றப்போவதில்லை. டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மூன்று மணி நேரப் படத்தை 1 மணி 58 நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ தவிர எல்லாப் பாட்டையும் தூக்கினேன். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அரை வினாடி, ஒரு வினாடி என்று கிள்ளினேன். சபைக்குள் நடந்து வருவது, ரதத்தில் ஏறுவது, சிம்மாசனத்தில் உட்காருவது எல்லாம் பாதி. சொக்கட்டான் காட்சி மெதுவாகப் போகிறது என்று தோன்றியதால் அதையும் நன்றாகக் குறைத்தேன். மொத்தம் 600 வெட்டுக்கு மேல் இருக்கும்.

போன ஞாயிறு முதன்முறையாக முழுதாக ஓட்டிப் பார்த்தேன். முன்னைவிட நீளமாகத் தெரிகிறது! நிஜமாகத்தான் சொல்கிறேன், ஒரு மணி நேரத்திலேயே களைப்பாகிவிட்டது. “ரெண்டு மணி நேரத்துக்கு டிரெய்லர் பாத்த மாதிரி இருக்கு” என்றாள் மனைவி.

ஏன் இப்படி ஆகிறது? இன்னொன்று, ஒலி. வசனமும் பின்னணி இசையும் ஒரே தடத்தில் ஒட்டிக்கிடப்பதால் ஒவ்வொரு வெட்டிலும் வயலின் தூக்கிப் போடுகிறது. குரலையும் இசையையும் தனித்தனியாகப் பிரிக்கிற மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், சிவாஜி கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி வந்தது. சில இடங்களில் சுருதியே மாறுகிறாற்போல் இருக்கிறது, அது என் காதின் கோளாறா என்றும் தெரியவில்லை.

சிம்மக்குரல்அடிமை:

அண்ணன் வசனத்துக்கு நடுவே விடுகிற இடைவெளியைக் கிள்ளினாராம்! அவர் நடிப்பில் பாதி அந்த இடைவெளியில்தானே இருக்கிறது? குந்தி தன் தாய் என்று தெரிகிற இடத்தில் அவர் வாயைத் திறப்பதற்கு முன் முகத்தில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா, இல்லை அதையும் அரை வினாடியாக்கிவிட்டீர்களா? பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்றால் பொறுமையைச் சொல்லிக்கொடுங்கள், படத்தைக் கைமா போடாதீர்கள்.

கத்தரிக்காரன்:

அதையும் வெட்டியிருக்கிறேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மேசையடி:

மேலே திட்டியவர் கோபத்தில் சொன்னதுதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில். நான் ஒரு எடிட்டரிடம் உதவியாளனாக ஆறு வருடம் இருந்தவன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பையே நீங்களும் செய்திருக்கிறீர்கள் (நானும் செய்து ஒருமுறை நாற்காலியோடு வெளியே தள்ளப்பட்டேன்).

பார்க்கிறவனுக்குப் படம் நிமிடக் கணக்கில் நீளமாகத் தெரிவதில்லை. ஒரு காட்சி எதற்காக நடக்கிறது என்று தெரியாதபோதுதான் நீளமாகத் தெரிகிறது. காட்சிகள் அத்தனையையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் சதையைச் சுரண்டியிருக்கிறீர்கள். சம்பவங்களின் எண்ணிக்கை குறையவே இல்லை, பார்க்கிறவன் மூச்சு வாங்கிக்கொள்ள இருந்த இடம் மட்டும் போய்விட்டது. மெதுவான காட்சி, வேகமான காட்சி என்ற பேதமே இல்லாமல் எல்லாம் ஒரே ஓட்டம். சமதளத்தில் பேருந்து ஓடினால் தூக்கம் வருமே, அந்தக் கதைதான். போதாததற்கு 60களின் படங்களில் கேமராவும் நடிகரும் சேர்ந்து ஒரு தாளத்தில் நகர்வார்கள். ஒரே ஷாட்டில் இரண்டு மூன்று பேர் நின்று பேசுவதை நடுவில் கிள்ளினால் தலை ‘டக்’கென்று துள்ளும். அந்தத் துள்ளலை மறைக்க டிசால்வ் (ஒரு படம் கரைந்து அடுத்தது தெரிவது) போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது இன்னும் மோசம்.

பெரிய ஆட்களே இதில் அடிபட்டிருக்கிறார்கள். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 1962 டிசம்பரில் லண்டனில் முதலில் காட்டப்பட்டபோது 222 நிமிடம். சீக்கிரமே சுமார் 20 நிமிடத்தைக் குறைத்தார்கள், 1971 மறுவெளியீட்டுக்கு 187 நிமிடமாக்கினார்கள். போனதையெல்லாம் தேடிப்பிடித்து ஒட்டி, இயக்குநர் டேவிட் லீனும் கூட உட்கார்ந்து சரிசெய்து, 1989-இல் திரும்ப வெளியிட வேண்டியதாயிற்று. செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா’ கதை இன்னும் கொடுமை. 229 நிமிடப் படத்தை 1984-இல் அமெரிக்க வெளியீட்டுக்கு 139 நிமிடமாக்கி, முன்னும் பின்னுமாகப் போகிற கதையை “ஜனங்களுக்குப் புரியட்டும்” என்று வருடவாரியாக அடுக்கிவேறு வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் குறைந்தும் படம் ஓடவில்லை.

ரசிகர்கள் செய்த சுருக்கங்களில் எது உருப்பட்டது என்று பாருங்கள். ‘ஹாபிட்’ மூன்று பாகத்தையும் சேர்த்து 2015-இல் ஒருவர் சுமார் நாலரை மணி நேரப் படமாக்கினார். அவர் வசன இடைவெளியைக் கிள்ளிக்கொண்டிருக்கவில்லை. முக்கோணக் காதலா, அந்தக் கிளையே வேண்டாம். டோல் குல்டூர் கோட்டைக் கதையா, அதுவும் அடியோடு போகட்டும். மிச்சம் வைத்ததை அதன் பாட்டுக்கு ஓடவிட்டார்.

அதனால் இந்த 600 வெட்டையும் மறந்துவிட்டு முழுப்படத்திலிருந்து புதிதாக ஆரம்பியுங்கள். ஒரு தாளில் படத்தின் காட்சிகளை வரிசையாக எழுதுங்கள். எதை முழுசாக எடுத்தால் கடைசிக் காட்சி தாங்கும், எதை எடுத்தால் தாங்காது என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். நீங்கள் “மெதுவாகப் போகிறது” என்று சொன்ன சொக்கட்டான் காட்சியைத்தான் நான் கடைசிவரைக்கும் தொடமாட்டேன். துரியோதனன் மனைவி பானுமதி எழுந்திருக்கிறாள், துரியோதனன் வந்தது தெரியாமல் கர்ணன் மேகலையைப் பிடித்து இழுக்க முத்து சிதறுகிறது, வந்தவன் “எடுக்கவோ கோக்கவோ” என்கிறான். வில்லிபாரதத்திலிருந்து வருகிற இடம் அது. அதைக் குறைத்துவிட்டுப் பின்னால் குந்தி வந்து கூப்பிடும்போது அவன் போகமாட்டேன் என்றால், உங்கள் சின்ன மருமகன் “ஏன் போகமாட்டேங்கிறான், லூசா?” என்றுதான் கேட்பான். செஞ்சோற்றுக் கடன் எவ்வளவு என்று அந்த முத்தில்தான் கணக்கு இருக்கிறது.

ஹமீர்கல்யாணி:

எல்லாப் பாட்டையும் தூக்கிவிட்டேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு இங்கே கை நடுங்குகிறது. விஸ்வநாதன் ராமமூர்த்தி சாரங்கி, சந்தூர், ஷெனாய் என்று வடக்கத்திய வாத்தியங்களையெல்லாம் வைத்துப் போட்ட பாட்டுகள் ஐயா அவை. என் பெயரே அதில் வருகிற ‘என்னுயிர்த் தோழி’யின் ராகத்திலிருந்து வைத்துக்கொண்டதுதான்.

புலம்பல் போதும், உபயோகமாக ஒன்று சொல்கிறேன். சுருதி மாறுவது உங்கள் காதின் கோளாறு இல்லை. நீங்கள் ஒரே மூலத்திலிருந்து எடுத்தீர்களா, இல்லை இரண்டை ஒட்டினீர்களா?

கத்தரிக்காரன்:

இரண்டு. என்னிடம் ஒரு பழைய டிஸ்க் இருக்கிறது, நாலைந்து இடத்தில் கீறல். அந்த இடங்களை மட்டும் டிவியில் போட்டபோது பதிவு செய்துவைத்ததிலிருந்து எடுத்துச் செருகினேன். அதனாலா?

ஹமீர்கல்யாணி:

அதனால்தான். படம் எடுத்தது வினாடிக்கு 24 பிரேம். நம் ஊர் டிவி ஒளிபரப்பு 25 பிரேம் கணக்கு. 24 பிரேமை 25 ஆக ஓட்டிவிட்டால் படம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வேகமாகும், கூடவே சுருதியும் ஏறும். அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. தனியாகக் கேட்டால் தெரியாது, பக்கத்தில் ஒட்டினால் குந்தி ஒரு வரியில் அம்மாவாகவும் அடுத்த வரியில் தங்கச்சியாகவும் பேசுவாள். மூன்று மணி நேரப் படத்தை இப்படி ஓட்டினால் ஒரு வெட்டும் போடாமலே 7 நிமிடம் மிச்சம் என்பது வேறு விஷயம், அந்தக் குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுத்தேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

டிவி துண்டுகளை மட்டும் தனியே எடுத்து 24-க்கு மெதுவாக்குங்கள், ஒலியையும் சேர்த்து. மென்பொருளில் ‘சுருதியைக் காப்பாற்று’ என்று ஒரு பெட்டி டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேகம் இறங்கும், சுருதி மேலேயே நிற்கும். டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது என்றும் பாருங்கள். வினாடிக்கு 29.97 பிரேம் என்று காட்டினால் அதில் பிரேம்களை இரட்டித்து நிரப்பியிருப்பார்கள், முதலில் அதை 24-க்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் கத்தரியை எடுங்கள்.

பாட்டை வெட்டியே ஆக வேண்டுமென்றால் முழுசாக வெட்டுங்கள், அல்லது இரண்டு சரணத்தில் ஒன்றை எடுங்கள். வெட்டு விழவேண்டியது பல்லவி திரும்பி வந்து உட்கார்கிற இடத்தில், தாளத்தின் முதல் அடியில். படத்தைப் பார்த்து வெட்டாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டே வெட்டுங்கள், அப்புறம் படம் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்யலாம். சபையில் புலவர்கள் மாற்றி மாற்றிக் கர்ணனைப் புகழ்கிற அந்த வரிசையில் ஒன்றிரண்டை எடுத்தால் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், பரவாயில்லை. ‘கண்ணுக்குக் குலமேது’ மட்டும் போகக் கூடாது. அது காதல் பாட்டு மாதிரி வேஷம் போட்டிருக்கிறது, உண்மையில் பிறப்பை வைத்து அவமானப்பட்டவனுக்கு ஒருத்தி சொல்கிற பதில். படத்தின் சுமையே அதில்தான் இருக்கிறது.

மேசையடி:

இங்கேதான் முடிச்சு. கர்ணன் மனைவி சுபாங்கியின் கிளையை அடியோடு எடுக்கலாம் என்று சொல்லத்தான் நான் வந்தேன். அதை எடுத்தால் இந்தப் பாட்டும் போகும். பாட்டை வைத்தால் அவள் யார், எப்படி வந்தாள், மாமனார் ஏன் முறைக்கிறார் எல்லாம் வேண்டும். அப்போது 2 மணி நேரம் என்ற கணக்கு நடக்காது. 2 மணி 20 நிமிடம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

வயலின் துள்ளுவதற்கு ஒரு வழி. படமும் ஒலியும் ஒரே இடத்தில் வெட்டுப்பட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடுத்த காட்சியின் ஒலியை ஒரு வினாடி முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள், அல்லது இந்தக் காட்சியின் ஒலியை அடுத்த படத்தின் மேல் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். கதவு சாத்துவது, சங்கு, குதிரைக் குளம்பு மாதிரி ஒரு சத்தம் விழுகிற இடமாகப் பார்த்து ஒலியை மாற்றினால் காது மன்னித்துவிடும். அப்புறம் வசனம் இல்லாத இடத்தில் பின்னால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் ஓடுமே, அதைப் பத்து வினாடி எடுத்து அடித்தளமாக எல்லா வெட்டுக்கும் கீழே ஓடவிடுங்கள். குரலைப் பிரிக்கிற மென்பொருளை மறந்துவிடுங்கள். ஒற்றைத் தடத்தில் பதிந்த அந்தக் காலத்து ஒலியில் வயலினும் சிவாஜி தொண்டையும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொண்டு நிற்கும், அது எதைப் பிடிக்கும், எதை விடும்?

பிரிவு52:

யாராவது கேட்பதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி திரைப்படத்துக்கு உரிமை 60 வருடம், வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. கர்ணன் 1964 பொங்கலுக்கு வந்தது, அப்படியானால் 2024 டிசம்பரோடு 60 முடிகிறது. உடனே துள்ளிக் குதித்து யூடியூபில் ஏற்றாதீர்கள். பாட்டு வரிகளுக்குத் தனி உரிமை உண்டு, எழுதியவர் இறந்து 60 வருடம் வரை. கண்ணதாசன் 1981-இல் போனார், 2041 முடிகிறவரைக்கும் அந்தக் கணக்கு ஓடும். 57-ஆம் பிரிவில், படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் படைப்பாளி கேட்கலாம் என்று ஒரு தனி உரிமை வேறு இருக்கிறது.

சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவது 52(1)(அ)-வில் வருகிறது, 2012 திருத்தத்துக்குப் பிறகு படங்களுக்கும் அது உண்டு. அக்கா பையன்களுக்கு வீட்டில் போடுவது வேறு, பென்டிரைவில் பத்துப் பேருக்குக் கொடுப்பது வேறு.

பழைய ஆபரேட்டர்:

தம்பி, நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் பதினாலு வருஷம் மிஷின் ஓட்டினேன். கர்ணன் எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கு இல்லை. மூணு மணி நேரப் படம் என்றால் பதினாறாயிரம் அடிக்கு மேலே, பெட்டியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாட்டு வெட்டுவதெல்லாம் நீங்கள் கண்டுபிடித்தது இல்லை. ரெண்டாவது ஆட்டம் முடிய ஒண்ணரை மணி ஆகும், கடைசிப் பஸ் எப்போதோ போயிருக்கும், முதலாளி வந்து “அந்தப் பாட்டை எடுத்துருடா” என்பார். ரீலில் பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் கத்தரித்து, முடிகிற இடத்தில் கத்தரித்து, பிளேடால் சுரண்டி சிமெண்ட் தடவி ஒட்டுவோம். பெட்டி திரும்பப் போகும்போது வெட்டினதை ஒட்டித்தான் அனுப்ப வேண்டும், சிலபேர் அனுப்பமாட்டார்கள், அதனால்தான் பழைய பிரிண்டுகளில் பாட்டே இருக்காது.

ஆனால் ஒண்ணு. பிலிமில் படமும் அதற்குண்டான சத்தமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. சத்தம் 20 பிரேம் முன்னாலேயே பதிந்திருக்கும், ஏனென்றால் மிஷினில் சத்தம் படிக்கிற இடம் படம் காட்டுகிற இடத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் பாட்டை எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் பாட்டின் முதல் முக்கால் வினாடிச் சத்தம் முன் காட்சியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும். திரையில் அடுத்த காட்சி வந்துவிடும், காதில் மட்டும் ‘ட்ரிங்’ என்று பாட்டு தலையைக் காட்டிவிட்டுப் போகும். தரை டிக்கெட்டில் இருக்கிறவனுக்கு அந்த ‘ட்ரிங்’ போதும். “டேய் ஆபரேட்டர், பாட்டு எங்கடா?” என்று விசில் அடித்து மண்ணை வாரி எறிவான். ஒரு தடவை ‘இரவும் நிலவும்’ வெட்டப்போய் என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். மறுநாளே ஒட்டிவிட்டேன்.

இன்னொண்ணு சொல்கிறேன், யோசித்துப் பார். எங்கள் கொட்டகையில் மிஷின் ஒண்ணுதான். ஒரு ரீல் முடிந்தால் கழற்றி அடுத்ததை மாட்ட வேண்டும். அதனால் ஒரு படத்துக்கு மூணு நாலு இடைவேளை. முறுக்கு, சோடா, பீடி, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது, “இப்ப என்ன ஆகும் தெரியுமா” என்று பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொல்வது, எல்லாம் அந்த நேரத்தில்தான். மூணு மணி நேரப் படத்தை யாரும் மூணு மணி நேரம் தொடர்ந்து பார்த்ததே இல்லை தம்பி. ஏசி தியேட்டர் வந்தபிறகுதான் இந்த நீளப் பிரச்சினையெல்லாம். நீ இவ்வளவு வெட்டுகிறாயே, நாலு இடத்தில் நிறுத்திப் பார்த்தாயா?

கத்தரிக்காரன்:

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை.

மேசையடி:

எனக்கும் தோன்றவில்லை. ஆபரேட்டர் ஐயாவுக்கு ஒரு சோடா.

நிறுத்துகிற இடத்தை நேரம் பார்த்து வைக்காதீர்கள், ஏதாவது ஒரு கேள்வி தொங்குகிற இடமாக இருக்கட்டும். பரசுராமர் சாபம் கொடுத்து முடிந்ததும் முதல் இடைவேளை. முத்து சிதறிய காட்சி முடிந்து இரண்டாவது. குந்தி வரம் வாங்கிக்கொண்டு போனதும் மூன்றாவது. மிச்சம் முழுக்கப் போர், அதில் கையே வைக்காதீர்கள். நிஜமாகக் குருட்சேத்திரத்துக்கே போய் எடுத்துவந்த போர் அது.

சிம்மக்குரல்அடிமை:

போரில் கை வைக்கமாட்டார் என்றால் சரி. முதலில் போட்ட பதிவில் கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும், 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது எங்கள் ஊர்த் தியேட்டரில் எனக்கு முன் வரிசையில் முழுக்கக் கல்லூரிப் பையன்கள். 48 வருடம் பழைய படம், சென்னையில் நூறு நாள் தாண்டி ஓடியது. யாரும் சுருக்கித் தரவில்லை. அதனால் அந்தப் பெரியவனுக்கு 18 வயது ஆகும்போது முழுப்படத்தை ஒரு பெரிய திரையில் காட்டிவிடுங்கள், அவ்வளவுதான் என் கோரிக்கை.

கத்தரிக்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய 600 வெட்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். இப்போது மொத்தம் 41 வெட்டுதான். 2 மணி 21 நிமிடம், நாலு பாகம். டிவி துண்டுகளை 24-க்கு இறக்கியதும் குந்தி ஒரே ஆளாகிவிட்டாள். சொக்கட்டான் காட்சி முழுசாகத் திரும்ப வந்துவிட்டது, சிவாஜியின் இடைவெளிகள் எல்லாமும். ‘கண்ணுக்குக் குலமேது’ இருக்கிறது. ‘மரணத்தை எண்ணி’யை எடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிருஷ்ணராக என்.டி.ஆர். நின்று சொல்கிற தோரணையில் பையன்கள் அசந்துவிடுவார்கள் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன், அசந்தும் போனார்கள். ‘கண்கள் எங்கே’, ‘இரவும் நிலவும்’, சீமந்தப் பாட்டு, சபைப் பாட்டுகளில் இரண்டு எல்லாம் போயின. ஹமீர்கல்யாணி மன்னிக்க வேண்டும்.

இரண்டு ராத்திரியில் போட்டுக் காட்டினேன். இடைவேளை என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை செய்து செருகியிருந்தேன், அது வரும்போதெல்லாம் அக்கா முறுக்கு எடுத்துவருவதாக ஏற்பாடு. முதல் இடைவேளையில் பெரியவன் “மந்திரம் மறந்துபோனா அப்புறம் எப்படி சண்டை போடுவான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான், போன் சார்ஜில் கிடந்தது. முத்து சிதறியதும் சின்னவன் “அவ்ளோதான், தலை போச்சு” என்றான். துரியோதனன் குனிந்ததும் வாயை மூடிக்கொண்டான். கடைசிப் பாகத்தில் யாரும் தூங்கவில்லை. அக்கா அழுதாள், நானும்தான்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். மேசையடி சொன்னபடி ஒலியை முன்னால் இழுத்து ஒட்டிக்கொண்டே போனதில், ‘இரவும் நிலவும்’ இருந்த இடத்தில் அதன் முன்னிசையில் ஒரு கீற்று என் கவனத்தில் படாமல் தங்கிவிட்டது. முக்கால் வினாடி இருக்குமோ என்னவோ. படம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. சின்னவன் சட்டென்று நிமிர்ந்து, “மாமா, இங்க ஒரு பாட்டு வந்துச்சே, அது எங்க?” என்றான். மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் படத்தை நிறுத்திவிட்டுப் பழைய டிஸ்கை எடுத்து அந்தப் பாட்டைத் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

பழைய ஆபரேட்டர்:

விசில் அடித்தானா?

கத்தரிக்காரன்:

விசில் வராது ஐயா அவனுக்கு. தலையணையை எறிந்தான்.